டிஸ்கில் புதுசு, ஓட்டத்தில் பழசு: சொந்த மெயில் சர்வரைக் காப்பது பற்றி

2023 ஜூன் மூன்றாம் வாரம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள், முதல் மீன்பாட்டோடு மண்டபத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு கம்பெனியின் மேலாளர் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, போன்ல மெயில் தொறக்க மாட்டேங்குது. பாதுகாப்பு இல்லைன்னு என்னமோ வருது. கணவாய் எறங்கிருச்சு, கொச்சிக்காரவுக வெல கேட்டு அனுப்பியிருப்பாக. கொஞ்சம் பாருங்கண்ணே."

அந்தக் கம்பெனியின் மெயில் சர்வரையும் இணையதளத்தையும் அமைத்ததும் பார்த்துக்கொள்வதும் நான்தான். லேப்டாப்பைத் திறந்தேன். இணையதளம் பூட்டுச் சின்னத்தோடு ஒழுங்காகத் திறந்தது. பேசுவது எங்கள் சர்வர்தான் என்று போனுக்கும் உலாவிக்கும் நிரூபிக்கும் டிஎல்எஸ் சான்றிதழ், டிஸ்கில் இருந்ததற்கு இன்னும் 60 நாள் ஆயுள் இருந்தது. ஆனால் போனிலிருந்து மெயில் படிக்க வருபவர்களுக்கு, அன்று விடியற்காலையில் காலாவதியான பழைய சான்றிதழையே சர்வர் நீட்டிக்கொண்டிருந்தது.

காரணம் சின்னது. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் 90 நாள் செல்லும். 30 நாள் மிச்சம் இருக்கும்போதே செர்ட்பாட் என்ற நிரல் அதைத் தானாகப் புதுப்பித்துவிடும். மே மாதம் அது தன் வேலையைச் சரியாகவே செய்தது, புதுக் கோப்பை டிஸ்கில் எழுதியது, வெப் சர்வரான என்ஜின்எக்ஸை மறுபடி படிக்கச் சொன்னது. மெயில் படிக்கத் தரும் டவ்காட்டுக்கும் அப்படிச் சொல்லும்படி ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. டவ்காட் தொடங்கும்போது படித்த சான்றிதழை நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓடியது. அதற்கு முன் இரண்டு வருடம் இந்தப் பிழை வெளியே தெரியாததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு அப்டேட் வந்து டவ்காட்டைத் திரும்பத் தொடங்கி வைத்திருந்ததுதான். அந்த முறை எதுவும் வரவில்லை.

சரிசெய்ய ஒரு கட்டளை போதும், பத்து விநாடி. அந்தப் பத்து விநாடி வேலையிலிருந்து நான் கற்றதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறேன். தானியங்கி வேலைகள் பெரும்பாலும் டிஸ்கை மாற்றுகின்றன. ஓடிக்கொண்டிருப்பது மாறியதா, பயன்படுத்துகிறவர் கைக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று அவற்றுக்குத் தெரியாது. அதை வெளியே நின்று பார்க்க இன்னொரு ஏற்பாடு இல்லாவிட்டால், கையால் செய்த காலத்தைவிட நாம் மோசமான நிலையில் இருக்கிறோம். கையால் செய்தபோது குறைந்தபட்சம் ஒரு பயமாவது இருந்தது.

பாம்பன் வீட்டில் ஒரு சர்வர்

எதற்குச் சொந்த சர்வர் என்று கேட்பவர்கள் உண்டு. கீழக்கரைச் சங்கு வியாபாரி, மண்டபம் ஏற்றுமதிக் கம்பெனி, கடல்பாசி எடுக்கும் பெண்களின் ஒரு சங்கம், படகு உரிமையாளர்கள் சிலர் என்று நான் பார்த்துக்கொள்ளும் முகவரிகள் மொத்தம் நாற்பதுக்குள் அடங்கும். இவர்களுக்கு மெயில் என்பது கணக்கு, பில், மீன்வளத் துறைக்குக் கொடுத்த மனு, அதற்கு வந்த பதில். பத்து வருடம் கழித்தும் எடுத்துக் காட்ட வேண்டிய காகிதம் அது. அது தங்கள் பெயரில், தங்கள் டொமைனில், தங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதலில் பாம்பனில் என் வீட்டிலேயே ஒரு பழைய கணினியை வைத்துத் தொடங்கினேன். ஏழு மாதம்தான் தாங்கியது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கை பிசுபிசுக்கும். ஒரு நாள் கணினி எழும்பவில்லை என்று திறந்து ரேம் பலகையை உருவினால், உள்ளே கனெக்டர்களிலெல்லாம் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. உப்புக்காற்று போக, இன்னொரு தடையும் இருந்தது. வீட்டு இணைப்புக்கு நிலையான ஐபி முகவரி கிடையாது, மெயில் வெளியே போகும் வாசலான 25ஆம் போர்ட்டும் அடைபட்டிருந்தது. திறந்திருந்தாலும் பயனில்லை. வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரிகளை, குப்பை மெயிலைத் தடுக்கப் பட்டியல்கள் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு தனிப் பட்டியலாகவே தொகுத்து வைத்திருக்கிறது, அதிலிருந்து நேரடியாக வரும் மெயிலைப் பெரும்பாலான சர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும். அதனால் மும்பை டேட்டா சென்டர் ஒன்றில் ஒரு விபிஎஸ், அதாவது மெய்நிகர் சர்வர், வாடகைக்கு எடுத்தேன். இயங்குதளமாக டெபியன், மெயில் அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், படிக்க டவ்காட், குப்பை மெயில் வடிகட்ட ஆர்ஸ்பாம்டி, இணையதளங்களுக்கு என்ஜின்எக்ஸ். வீட்டுக் கணினி இப்போது பேக்கப் எடுத்து வைக்க மட்டும்.

பெயர் கேட்காத அஞ்சல்காரர்

இணையதளம் நடத்துவதைவிட மெயில் நடத்துவது பல மடங்கு சிரமம். இணையதளத்துக்கு வருகிறவர் தேடி வருகிறார். மெயிலில் நாம் அடுத்தவர் வாசலுக்குப் போய் நிற்கிறோம், உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

இந்தச் சிக்கலின் வேர் 1982இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட, மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறையில், அனுப்புநர் தன்னை யார் என்று சொல்கிறாரோ அதை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் முறை. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக் கூடங்களும் ஒருவரையொருவர் அறிந்திருந்த சின்ன வலையில் அது போதுமாக இருந்தது. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் அனுப்பலாம் என்ற நிலை அதில் பிறந்தது. பின்னாளில் வந்த மூன்று ஏற்பாடுகளும் அந்த ஓட்டையை மேலிருந்து ஒட்டிய ஒட்டுகள்.

எஸ்பிஎஃப் என்பது, டொமைன் பெயர்களின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் நாம் எழுதி வைக்கும் ஒரு பட்டியல்: எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள ஐபி முகவரிகள் இவை. டிகேஐஎம் என்பது ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் போடும் மறையீட்டுக் கையெழுத்து. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும், கையெழுத்திடும் ரகசியச் சாவி சர்வரில் இருக்கும். டிமார்க் இந்த இரண்டையும் கடிதத்தில் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு பொருத்திப் பார்த்து, பொருந்தாததை என்ன செய்வது என்று சொல்கிறது. விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் வேண்டும், படகின் மேல் பதிவு எண்ணும் எழுதியிருக்க வேண்டும். எண்ணை யாரும் பெயிண்டால் எழுதிவிடலாம், டோக்கனை அப்படி எழுத முடியாது. அனுப்புநர் முகவரிக்கும் டிகேஐஎம் கையெழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே உள்ளவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிப் புரியவைத்தேன்.

ஆரம்பத்தில் எஸ்பிஎஃப் மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன். கீழக்கரை சங்கு வியாபாரி காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு நாள் கூப்பிட்டார்.

"தம்பி, கொல்கத்தாவுக்கு பில்லு அனுப்புறேன், வரலைங்குறாக. அஞ்சு வருசமா சரக்கு எடுக்குறவுக, பொய் சொல்லமாட்டாக."

பதிவேட்டைப் பார்த்தால் மெயில் போயிருக்கிறது, எதிர்ச் சர்வர் வாங்கிக்கொண்டும் இருக்கிறது. கொல்கத்தாக்காரர் தன் அலுவலக முகவரிக்கு வரும் மெயிலையெல்லாம் தன் ஜிமெயிலுக்குத் தானாகத் திருப்பிவிட்டிருந்தார். ஜிமெயில் பார்க்கும்போது காக்கா பெயரில் ஒரு மெயில், வருவதோ கொல்கத்தாச் சர்வரின் ஐபியிலிருந்து. அந்த ஐபி எங்கள் எஸ்பிஎஃப் பட்டியலில் இல்லை. குப்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டது. திருப்பி அனுப்பும்போது எஸ்பிஎஃப் உடையும், உள்ளடக்கத்தைத் தொடாத வரை டிகேஐஎம் கையெழுத்து உடையாது. அன்றே டிகேஐஎம் போட்டேன். அடுத்த பில் இன்பாக்ஸில் போய் விழுந்தது.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதைக் கட்டாயமாக்கிவிட்டன. யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும். நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும், வாடிக்கையாளர்கள் குப்பை என்று புகார் சொல்லும் அளவு 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. நாங்கள் நாளுக்கு இருநூறு மெயில்கூட அனுப்புவதில்லை. இருந்தாலும் மூன்றையும் வைத்திருக்கிறேன். சின்ன சர்வருக்கு ஒரே சொத்து நல்ல பெயர்தான், அது ஒரே இரவில் போய்விடும்.

எப்படிப் போகும் என்றால், சர்வரை உடைத்துக்கொண்டு யாரும் வர வேண்டியதில்லை. ஒருவருடைய பாஸ்வேர்டு எங்கேயோ திருடு போனால் போதும். இரவு 2 மணிக்கு அந்தக் கணக்கில் முறைப்படி நுழைந்து பத்தாயிரம் குப்பை மெயில் அனுப்புவார்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் அனுப்புவது நம் சர்வரேதான். விடியும்போது நம் ஐபி கறுப்புப் பட்டியலில் இருக்கும். பாதுகாப்பு என்றதும் பலரும் முதலில் நிறுவுவது ஃபெயில்டூபேன். தவறான பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப வரும் ஐபியை அது தடுக்கும், பதிவேட்டில் இரைச்சல் குறையும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் சரியான பாஸ்வேர்டோடு வரும் திருடனை அது ஒன்றும் செய்யாது. எனவே ஒரு கணக்கு மணிக்கு 60 மெயிலுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பு போட்டேன். போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையில் சாதாரணமாக ஐந்தாறு மெயில்தான் காத்திருக்கும், அது 50ஐத் தாண்டினால் என் போன் அலறும். என் அனுபவத்தில் இந்த இரண்டு சின்ன விதிகளும் மற்ற பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாவற்றையும்விட அதிகம் காப்பாற்றியிருக்கின்றன.

சர்வரைத் தூரத்திலிருந்து இயக்க உள்ளே நுழையும் வழி எஸ்எஸ்எச், அதற்குச் சாவி மட்டும், பாஸ்வேர்டு கிடையாது. இணையதளங்கள் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. எல்லாவற்றையும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றிவிட்டேன். விலைப்பட்டியலும் தொடர்பு எண்ணும் காட்டுகிற பக்கத்துக்குப் பின்னால் ஒரு தரவுத்தளமும் இருபது பிளகினும் எதற்கு?

எதை உடனே, எதை மெதுவாக

அப்டேட்களைத் தானியங்கியிடம் விடலாமா என்பதில் இரண்டு சம்பவங்கள் எனக்கு வழிகாட்டின. எக்ஸிம் என்ற மெயில் சர்வரில் இருந்த ஒரு பெரிய ஓட்டை 2019 ஜூனில் வெளியானது, சில நாட்களுக்குள் தாக்குதல் தொடங்கியது. ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவு ஒன்று 2019 ஆகஸ்டிலிருந்தாவது அந்த ஓட்டையைப் பயன்படுத்திவந்தது என்று அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ 2020 மே மாதம் எச்சரித்தது. திருத்தம் கைவசம் இருந்தும் கிட்டத்தட்ட ஒரு வருடம் நிறுவாமலே பல சர்வர்கள் கிடந்தன. இந்த ஒரு காரணத்துக்காகவே பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றன்றைக்குத் தானாக நிறுவப்பட வேண்டும்.

மற்றது 2024 மார்ச். எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் புதிய பதிப்புக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவியதால் பிடிபட்டது. டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை வந்துவிட்ட அது நிலைப் பதிப்பைத் தொடவில்லை. அதாவது புதியதன் பின்னால் ஓடியவர்கள்தான் அன்று ஆபத்தில் இருந்தார்கள். எனவே நிலைப் பதிப்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தானாக, பெரிய பதிப்பு மாற்றம் என் கையால். டிமார்க் கொள்கையைக் கடுமையாக்குவதும், கணக்கை அழிப்பதும்கூட என் கையால்தான்.

டவ்காட்டில் பார்த்த அதே கதை அப்டேட்டிலும் உண்டு. நூலகக் கோப்பு டிஸ்கில் மாறிவிடும், பழையதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் பழையதோடே ஓடும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் மாறினால் மறுதொடக்கம் செய்யும் வரை பழைய கெர்னல்தான். "எல்லாம் அப்டேட் ஆகிவிட்டது" என்று அறிக்கை வரும், ஓட்டை திறந்தே இருக்கும். எந்த நிரல் பழைய கோப்போடு ஓடுகிறது என்று சொல்ல நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இருக்கிறது. வாரம் ஒருமுறை, செவ்வாய் பின்னிரவில், தேவைப்பட்டால் சர்வர் தானாக மறுதொடக்கம் ஆகும்படி வைத்திருக்கிறேன். சில நிமிடம் சர்வர் இல்லாவிட்டால் மெயிலுக்கு ஒன்றும் ஆகாது. அனுப்பும் சர்வர் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும், போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே ஐந்து நாள் வரை கைவிடாது. மெயிலின் 1982ஆம் ஆண்டு வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தப் பொறுமை. புயலும் மின்வெட்டும் பழகிய ஊரில் அதன் அருமை தெரியும்.

ஏழு வாரம் வந்த பொய்

2024 நவம்பர் 20. ராமேஸ்வரம் தீவில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். மின்சாரம் போய் மறுநாள்தான் வந்தது. மும்பையில் இருந்த சர்வருக்கு இது எதுவும் தெரியாது. வீட்டில் இருந்த பேக்கப் கணினி மின்சாரம் வந்ததும் தானாக எழும்பியது. இரவு 1 மணிக்கு வழக்கம்போல பேக்கப் ஓடி, "பேக்கப் முடிந்தது" என்று போனுக்குச் செய்தியும் வந்தது. தினமும் வந்தது.

2025 பொங்கலுக்கு முந்தின வாரம், பாசிச் சங்கத்தின் கணக்குப் பிள்ளை டிசம்பர் மாத மெயில்கள் இருந்த ஃபோல்டரைத் தவறுதலாக அழித்துவிட்டு என்னிடம் வந்தார். பேக்கப்பில் எடுத்துத் தருகிறேன் என்று தைரியமாகச் சொல்லித் திறந்தேன். கடைசி பேக்கப் நவம்பர் 19.

அந்த மழையில் ஈரம் பட்டு யுஎஸ்பி டிஸ்க் இணைப்பு விட்டுப்போயிருந்தது. பேக்கப் எடுக்கும் ரெஸ்டிக் நிரல் ஒவ்வொரு இரவும் டிஸ்க் இல்லை என்று பிழையோடு நின்றிருக்கிறது. நான் எழுதிய ஸ்கிரிப்ட் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குப் போனது. அடுத்த வரி, முடிந்தது என்று எனக்குச் செய்தி அனுப்புவது. ஷெல் ஸ்கிரிப்ட்டின் கடைசிக் கட்டளை வென்றால் முழு ஸ்கிரிப்டும் வென்றதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். ஏழு வாரம் தினமும் எனக்கு நானே ஒரு பொய்யை அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த டிசம்பர் மெயில்களில் பாதியை, அனுப்பியவர்களிடமே மறுபடி கேட்டு வாங்கினோம். மீதி போனது போனதுதான். அந்தப் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று எடுத்த பாசியின் எடைச் சீட்டுகள் அவற்றில் இருந்தன.

இப்போது முறை வேறு. ஸ்கிரிப்ட் முதல் பிழையிலேயே நின்றுவிடும். முடிந்ததும், சேமித்த பேக்கப்பிலிருந்து ஏதோ ஒரு மெயிலைத் திரும்ப எடுத்து, சர்வரில் உள்ளதோடு ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் வெளியே வேறொரு இடத்தில் இருக்கும் கண்காணிப்புக்கு ஒரு சிக்னல் போகும். எனக்குச் செய்தி எதுவும் வராது. அந்த சிக்னல் 26 மணி நேரம் வராவிட்டால்தான் என் போன் அடிக்கும். கரையில் இருக்கிறவர்கள் செய்வதும் இதுதானே. "நான் நன்றாக இருக்கிறேன்" என்று எந்தப் படகும் மணிக்கொரு தரம் சொல்வதில்லை, திரும்ப வேண்டிய நேரம் தாண்டியும் வராதபோது கரை தேடத் தொடங்குகிறது. இன்னொன்றும் மாற்றினேன். சர்வருக்கு பேக்கப் இருக்கும் இடத்தின் சாவி கிடையாது. வீட்டுக் கணினிதான் உள்ளே போய் எடுத்து வரும். சர்வரை யாராவது கைப்பற்றினாலும் பழைய பேக்கப்பை அவர்களால் அழிக்க முடியாது.

சான்றிதழையும் இதே வழியில் பார்க்கிறேன். வெளியே உள்ள ஒரு சின்ன இயந்திரம் தினமும் ஒரு போன் போல 993ஆம் போர்ட்டில் டவ்காட்டையும், 465இல் போஸ்ட்ஃபிக்ஸையும், 443இல் இணையதளங்களையும் அழைத்து, கையில் கிடைத்த சான்றிதழுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று கேட்கும். 21க்குக் கீழே போனால் அலாரம். அலாரம் மெயிலில் வராது, மெயிலே நின்றுபோயிருக்கலாம் அல்லவா? இந்தச் சோதனைக்கு இனி அவசியம் கூடும். காலாவதி நெருங்கும்போது லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த நினைவூட்டல் மெயில்கள் 2025 ஜூன் 4ஓடு நின்றுவிட்டன. சான்றிதழ் நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி, எந்தச் சான்றிதழின் அதிகபட்ச ஆயுளும் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வருடத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து வாங்கிக் கையால் போட்டுவிட்டு மறந்துவிடும் பழக்கம் இதோடு முடிகிறது. எல்லாரும் தானியங்கிக்கு வந்தே ஆக வேண்டும், என் டவ்காட் பிழை போன்றவை இனி ஆண்டுக்கு எட்டுப் பத்து முறை வாய்ப்புத் தேடும்.

ஏப்ரல் 15

தடைக்காலம் தொடங்கும் நாளில் படகுகளைக் கரையேற்றி மராமத்துக்கு எடுப்பார்கள். கலப்பத்து அடிப்பது, பெயிண்ட் பூசுவது, இஞ்சினைப் பிரித்து மாட்டுவது. ஏற்றுமதிக் கம்பெனிக்கும் மெயில் குறையும் காலம். நானும் அன்று ஒரு புது விபிஎஸ் எடுத்து, ஒன்றுமில்லாததிலிருந்து முழு சர்வரையும் எழுப்பிப் பார்க்கிறேன். எந்த நிரல், எந்த அமைப்பு, எந்த விதி என்று எல்லாம், சர்வரைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் என்ற கருவியின் கோப்புகளில் எழுதியிருக்கிறது. அவற்றை ஓட்டி, பேக்கப்பிலிருந்து மெயில்களை இறக்கி, ஒரு சோதனை மெயில் போய்ச் சேரும் வரை கடிகாரம் ஓடும்.

2025இல் முதல் முறை செய்தபோது மூன்று மணி நேரத்தில் எல்லாம் எழும்பிவிட்டது. நாற்பது பெட்டிகளும் திறந்தன, மெயில்கள் இருந்தன. என் ஜிமெயிலுக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, அதன் மூல விவரத்தைத் திறந்தேன். எஸ்பிஎஃப் தோல்வி. அது எதிர்பார்த்ததுதான், புது ஐபி பட்டியலில் இல்லை. டிகேஐஎம்மும் தோல்வி. இதை எதிர்பார்க்கவில்லை.

டிகேஐஎம் ரகசியச் சாவி இருந்த அடைவு பேக்கப் பட்டியலில் இல்லை. மெயில் இருந்தது, அமைப்புகள் இருந்தன, சாவி மட்டும் மும்பை சர்வரின் டிஸ்கில் ஒரே ஒரு பிரதியாக இருந்தது. சாவி இல்லாததைக் கண்ட என் ஆன்சிபிள், நான் எழுதி வைத்தபடியே புதிதாக ஒன்றை உருவாக்கி அதால் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தது. டிஎன்எஸ்ஸில் இருந்ததோ பழைய சாவியின் இணை. உண்மையிலேயே மும்பை சர்வர் போயிருந்தால், காக்காவின் பில் மறுபடி கொல்கத்தாவில் குப்பைப் பெட்டிக்குப் போயிருக்கும். எல்லாம் எழும்பிவிட்டது என்று நானும் அவரிடம் சொல்லியிருப்பேன்.

அன்று மாலையே அந்த அடைவைப் பட்டியலில் சேர்த்தேன். சாவி இல்லாவிட்டால் புதிதாக உருவாக்காமல் பிழையோடு நில் என்று ஆன்சிபிளில் வரியை மாற்றினேன். புது விபிஎஸ்ஸை அழித்து, மறுநாள் காலை மறுபடி முதலிலிருந்து. 2 மணி 50 நிமிடம். டிகேஐஎம் தேறியது.